பதினைந்து பேரில் தொடங்கும் மாநாடு

மாநாடு என்றதும் ஊருக்குத் தெரிவது அதன் கடைசி நாள்தான். கொடி கட்டிய வேன்கள், செந்தொண்டர் அணிவகுப்பு, தலைவர்கள் பேசும் பொதுக்கூட்டம், மறுநாள் பத்திரிகையில் படம். 2025 ஏப்ரல் 2 முதல் 6 வரை மதுரை தமுக்கத்தில் நடந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாட்டையும் நம் தேனி மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் அறிவார்கள். எம்.ஏ. பேபி பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற செய்தியோடு அது முடிந்துபோனது. ஆனால் அந்த மாநாடு தொடங்கியது மதுரையில் இல்லை, ஏப்ரலிலும் இல்லை. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் நடந்த கிளை மாநாடுகளில் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில், யாரோ ஒருவர் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ, பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்து நடத்திய கூட்டங்களும் அவற்றில் சேரும். அந்தக் கூட்டங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விழா மலரைக் கையில் எடுப்பவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பீர்கள். கட்சியே வேண்டாம் என்பவர்களும் இருப்பீர்கள். எடுத்துக்காட்டாகக் கம்யூனிஸ்டுகளை முன்னால் வைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். கீழிருந்து மேல்வரை படிப்படியாக மாநாடு நடத்துவதைப் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செய்துவருகிற அமைப்பு அது. மற்றக் கட்சிகளுக்கும் இதே வரலாற்றில் இடம் உண்டு. அவற்றுக்கும் வருகிறேன்.

கிளைதான் அடிப்படை. கட்சியின் அமைப்புச் சட்டப்படி ஒரு கிளையில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கூடினால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். உறுப்பினராவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைக்க வேண்டும். பிறகு ஓராண்டு பரீட்சார்த்த உறுப்பினராக இருந்து வேலை செய்ய வேண்டும். அதன் பின்தான் வாக்குரிமை. வருமானத்துக்கு ஏற்ப லெவி கட்ட வேண்டும், ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து என்ற வரம்பை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஐம்பது பேர் உட்கார்ந்த இடத்தில் ஐந்து பேர்தான் பேசுவார்கள். பன்னிரண்டு பேர் இருந்தால், வாயே திறக்காதவரைப் பார்த்து “தோழர், நீங்க ஒண்ணும் சொல்லலையே” என்று கேட்டுவிடலாம்.

கிளை மாநாட்டுக்கு ஒரு முறை உண்டு. ஊரில் மூத்தவர் ஒருவர் கொடியேற்றுவார். மூன்றாண்டில் மறைந்தவர்களுக்கு அஞ்சலி. மேல்கமிட்டியிலிருந்து வந்த தோழர் தொடங்கிவைத்துப் பேசுவார். பிறகு கிளைச் செயலாளர் வேலை அறிக்கை வைப்பார். போன மாநாட்டிலிருந்து இன்றுவரை என்ன செய்தோம், எந்தப் போராட்டத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பத்திரிகைச் சந்தா சேர்த்தோம், வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அதன் மேல் விவாதம். கிளை மாநாட்டின் உயிர் இந்த விவாதத்தில்தான் இருக்கிறது. மேல்நிலை மாநாடுகளில் அச்சடித்த அறிக்கை இருக்கும், பேச நேரக் கட்டுப்பாடு இருக்கும், மேடை இருக்கும். கிளையில் செயலாளரும் அவரைக் கேள்வி கேட்பவரும் ஒரே தெருக்காரர்கள். வரவு செலவில் ஐம்பது ரூபாய் இடித்தாலும் கேட்டுவிடுவார்கள். ரேஷன் கடைப் போராட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்பார். அன்றைக்கு ஜீப் திரும்பவே இருட்டிவிட்டது என்று இன்னொருவர் சொல்வார்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கூட்டத்தைப் பற்றியும் எழுத முடியாது. விடிவதற்கு முன்பே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் கிளம்பிவிடும். போகிறவர்களில் பெண்களே அதிகம். பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். ஆகவே இங்கே கிளைக் கூட்டம் என்றால் இரவுக் கூட்டம்தான். வீடு திரும்பி, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் வந்து உட்காரும் பெண்ணின் கால்வலியை எந்த அமைப்புச் சட்டமும் கணக்கில் எடுத்ததில்லை. கிளைகளில் பெண்கள் ஏன் குறைவு என்று மாநாட்டுக்கு மாநாடு அறிக்கையில் எழுதுகிறார்கள். விடையில் பாதி அந்த ஜீப் வரும் நேரத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். கூட்ட நேரத்தை மாற்றாமல் எண்ணிக்கையை மாற்ற முடியாது.

விவாதத்துக்குச் செயலாளர் பதில் சொன்ன பிறகு இரண்டு தேர்வுகள் நடக்கும். அடுத்த கிளைச் செயலாளர் யார் என்பது ஒன்று, மேல் மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் யார் என்பது மற்றொன்று. ஒன்றியம், நகரம், ஏரியா என்று பகுதிக்குத் தக்கபடி பெயர் மாறும் இடைக்கமிட்டி மாநாட்டுக்கு அவர்கள் போவார்கள். இடைக்கமிட்டி மாநாடு மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். மாவட்டம் மாநிலத்துக்கு, மாநிலம் அகில இந்திய மாநாட்டுக்கு. 2025இல் மாநில மாநாடு ஜனவரி முதல் வாரம் விழுப்புரத்தில் நடந்தது; அங்கேதான் பெ. சண்முகம் மாநிலச் செயலாளரானார். வாச்சாத்தி மக்களுக்காகப் பல்லாண்டு வழக்கும் போராட்டமும் நடத்தியவர்களில் ஒருவர் அவர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்தப் படிவரிசையில் இருக்கிறது. கிளை மாநாடு நடக்கும்போது அகில இந்திய மாநாட்டின் நகல் அரசியல் தீர்மானம் இன்னும் எழுதப்பட்டே இருக்காது. மதுரை மாநாட்டுக்கான நகலை மத்தியக் குழு இறுதி செய்தது 2025 ஜனவரியில், கொல்கத்தாவில். அப்போது கிளை மாநாடுகள் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. ஆக, முதலில் ஆட்கள் மேலே போகிறார்கள். பிறகு காகிதம் கீழே வருகிறது. மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பாக நகலை வெளியிட வேண்டும் என்பது விதி. அது தமிழில் அச்சாகிக் கிளைக்கு வந்து சேரும். கிளை மறுபடி கூடி வாசிக்கும். எந்தப் பத்தியில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று உறுப்பினர் எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் திருத்தங்கள் போகின்றன. ஏற்றுக்கொள்ளப்படுபவை கொஞ்சம்தான். ஆனாலும் வகைப்படுத்தி, எதை ஏற்றோம் எதைத் தள்ளினோம் என்று மாநாட்டில் அறிக்கை வைக்கிறார்கள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிற ஒருவர் உலக நிலைமை பற்றிய பத்தி ஒன்றுக்குத் திருத்தம் எழுதலாம், அதற்கு ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

கூட்டம் கூட்டி, ஆள் தேர்ந்தெடுத்து, தீர்மானம் போடும் இந்தப் பழக்கம் நம் ஊர்ப்பக்கம் எங்கிருந்து வந்தது? காங்கிரசிலிருந்து. 1920 டிசம்பரில் நாகபுரியில் காந்தியடிகள் முன்னின்று கொண்டுவந்த அமைப்பு விதிகளுக்கு முன்னால், காங்கிரஸ் மாநாட்டுக்குப் பிரதிநிதியாக ஏதாவதொரு சங்கமோ பொதுக்கூட்டமோ தேர்ந்தெடுத்தால் போதும். நாகபுரி அதை மாற்றியது. நாலணா கொடுத்தவர் உறுப்பினர், கிராமம், தாலுகா, மாவட்டம், மாகாணம் என்று கமிட்டிகள், மாகாணங்களும் மொழிவாரியாக, ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு பிரதிநிதி. வெள்ளைக்காரன் வரைந்த மாகாண எல்லையை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டுக்கென்று ஒரு கமிட்டி அமைந்தது அப்படித்தான். மாநிலம் உருவாவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே கட்சிக்குள் தமிழ்நாடு உருவாகிவிட்டது.

மாநாட்டில் ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் காஞ்சிபுரத்தைவிடப் பெரிய சான்று கிடையாது. 1925 நவம்பரில் அங்கே கூடிய மாகாண மாநாட்டுக்குத் திரு.வி.க. தலைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார். அதன் பிறகு நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும். இன்னொரு மாநாடு நேரே நம் பள்ளத்தாக்கைத் தொட்டது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் நீதிக்கட்சி கூடி, அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தின்படி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அதை ஏற்காதவர்கள் நீதிக்கட்சி என்ற பழைய பெயரிலேயே தொடர்ந்தார்கள். பின்னாளில் அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் உத்தமபாளையத்துக்காரரான பி.டி. ராஜன். 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் அவர். 1952 தேர்தலில் அந்தக் கட்சியில் வென்ற ஒரே வேட்பாளரும் அவர்தான், அதுவும் இந்தப் பள்ளத்தாக்கில் நின்று. சேலத்து முடிவு தமிழகமெங்கும் செல்லுபடியானது. இங்கே மட்டும் சில காலம் பொறுத்தது.

திமுகவின் 1956 மே திருச்சி மாநில மாநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தலில் போட்டியிடலாமா கூடாதா என்ற கேள்வியை மேடையில் இருந்தவர்கள் தாங்களே முடிவு செய்துவிடவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டார்கள். போட்டியிடலாம் என்று பெரும்பான்மை சொன்னது. அடுத்த ஆண்டு பதினைந்து பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். இன்றும் திமுகவில் கிளைக் கழகம், ஒன்றியம், நகரம், மாவட்டம், பொதுக்குழு என்ற வரிசையில் அமைப்புத் தேர்தல் நடக்கிறது. 2022இல் அப்படி நடந்து முடிந்தது பதினைந்தாவது தேர்தல். கீழ்ப்படிகளில் பெரும்பாலும் போட்டியில்லாத தேர்வுதான். ஒன்றியத்தில் இரண்டு பேர் மனுப் போட்டுவிட்டால் மாவட்டத்திலிருந்து பேச ஆள் வந்துவிடும்.

படிகளில் ஒன்று உளுத்துப்போனால் மேலே உள்ளதும் ஆடும் என்பதற்குக் காங்கிரசே சான்று. 1972க்குப் பிறகு இருபது ஆண்டுகள் அந்தக் கட்சியில் உட்கட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1992இல் திருப்பதியில் நரசிம்ம ராவ் காலத்தில்தான் மீண்டும் நடந்தது. அந்த இருபது ஆண்டுகளில் கிராமக் கமிட்டி என்ற ஒன்று இருந்ததை ஊர்கள் மறந்துபோயின. நாலணா உறுப்பினரின் பேரன் எந்தக் கமிட்டிக்குப் போய் எதைக் கேட்பான்?

அண்மையில் இந்தக் கேள்வி பெரியகுளத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிமுகவை 1972இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது, பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி வைத்தார். 2022 ஜூலை 11 பொதுக்குழு ஒருங்கிணைப்பாளர் பதவிகளை நீக்கி, எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கியது, பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வத்தைக் கட்சியை விட்டு நீக்கியது. அடிப்படை உறுப்பினர்கள் கொடுத்த பதவியைப் பொதுக்குழு பறிக்க முடியுமா என்பது பன்னீர்செல்வம் தரப்பின் வாதம். உறுப்பினர்களின் பிரதிநிதிதான் பொதுக்குழு, அதற்கு அதிகாரம் உண்டு என்பது மறுதரப்பு. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழுக் கூட்டம் செல்லும் என்றது. யார் பக்கம் நியாயம் என்று எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் கிளை பெரிதா, பொதுக்குழு பெரிதா என்று தேநீர்க் கடைகளில் நம் ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் பேசினார்களே, அதை நான் மதிக்கிறேன். கட்சி விதிப் புத்தகத்தை இத்தனை பேர் புரட்டிய காலம் இதற்கு முன் வந்ததில்லை.

உலகத்தில் வேறெங்கும் இப்படி உண்டா என்றால், அமெரிக்காவில் அயோவா மாநிலம் இதற்குப் பேர்போனது. கடும் பனிக்காலத்து இரவில், பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும், ஏறத்தாழ 1,700 சிறு வட்டாரங்களில் அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். ஜனநாயகக் கட்சியினர் பல தேர்தல்களில் தங்கள் வேட்பாளருக்காக அறையின் ஒரு மூலையில் போய் நின்று தலை எண்ணினார்கள். பதினைந்து விழுக்காடு தேறாத குழு கலைந்து வேறு மூலைக்குப் போகும். அங்கிருந்து கவுண்டி மாநாடு, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு, கடைசியில் தேசிய மாநாடு. அங்கே கட்சிப் பதிவு உள்ள வாக்காளர் எவரும் வந்து நிற்கலாம். இங்கே கம்யூனிஸ்ட் கிளையில் ஓராண்டு வேலை செய்து காட்டியவர்தான் கை தூக்கலாம். அவர்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடுகிறார்கள். இவர்கள் செய்த வேலைக்குக் கணக்குச் சொல்லக் கூடுகிறார்கள். இரண்டில் எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

மதுரைக்கு வருவோம். 1997இல் தேனி தனி மாவட்டமாகும்வரை நம்முடைய எல்லா மாவட்ட மாநாடுகளும் மதுரை மாவட்ட மாநாடுகளே. அதனால் மதுரையில் நடந்த மூன்று கம்யூனிஸ்ட் அகில இந்திய மாநாடுகளிலும் இந்தப் பள்ளத்தாக்குக்கு உறவு உண்டு. முதலாவது, பிரியாத கம்யூனிஸ்ட் கட்சியின் மூன்றாவது மாநாடு, 1953 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1954 புத்தாண்டைத் தாண்டி நடந்தது. தடையும் தலைமறைவும் முடிந்து, சென்னை சட்டமன்றத்தில் அந்தக் கட்சி பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்த நேரம். பிரிட்டிஷ் கட்சித் தலைவர் ஹாரி பாலிட் அதற்கு வந்திருந்தார். இரண்டாவது, பிரிவினைக்குப் பின் மார்க்சிஸ்ட் கட்சியின் ஒன்பதாவது மாநாடு, 1972 ஜூன் கடைசியில். அப்போது போடியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. மூன்றாவதான 2025 மாநாட்டுக்குப் போனவர்களுக்கு அகலப்பாதை ரயில் இருந்தது. 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட போடிப் பாதை 2023 ஜூனில்தான் திரும்பக் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் எந்தக் கட்சிக் கூட்டத்திலும் ரயில் கோரிக்கை இல்லாமல் இருந்ததில்லை. திண்டுக்கல்–லோயர்கேம்ப் ரயில் கோரிக்கை இன்னும் தீர்மானமாகவே இருக்கிறது.

கூட்டம் என்றால் பாட்டும் உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களிடம் கட்சியின் பேச்சைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது அவர் பாட்டு. அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த தம்பிதான் இளையராஜா. கிளைக் கூட்டத்துக்கு ஆள் சேர்வது அறிக்கையால் மட்டும் நடப்பதில்லை.

கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். முல்லைப்பெரியாறு. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. 2011 டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லாக் கட்சிக் கொடியும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. ஒரே மார்க்சிஸ்ட் கட்சியின் கேரளக் கிளைகள் புதிய அணை கேட்கின்றன. தமிழ்நாட்டுக் கிளைகள் நீர் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்கின்றன. இடுக்கியின் பிரதிநிதியும் தமிழ்நாட்டுப் பிரதிநிதியும் ஒரே மாநாட்டு மண்டபத்தில் உட்காருகிறார்கள். கீழிருந்து வரும் குரலைக் கேட்கும் அமைப்பு என்றால் இந்த இரண்டு குரலும் அங்கே நேருக்கு நேர் பேச வேண்டும். மாநிலக் கமிட்டிகள் தனித்தனியே அறிக்கை விட்டு நிறுத்திக்கொள்வது போதாது. அணைக்கு அப்பால் ஏலக்காய் பறிக்கிற பெண்ணும் அணைக்கு இப்பால் நெல் நடுகிற பெண்ணும் பல வீடுகளில் ஒரே பெண்தான் என்பதை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

அந்தக் கட்சியின் தேர்தல் முறையிலும் ஒரு குறை. பதவி முடியும் கமிட்டியே புதிய கமிட்டிக்கு ஒரு பட்டியலை முன்வைக்கும். எந்தப் பிரதிநிதியும் அதை மறுத்து வேறு பெயர் சொல்லலாம்; அப்படிச் சொன்னால் ரகசிய வாக்கெடுப்பு. ஆனால் சொல்பவர்கள் அரிது. மதுரையில் மகாராஷ்டிரத்தின் டி.எல். கராத் மத்தியக் குழுவுக்குத் தாமாகப் போட்டியிட்டார். அவருக்கு 31 வாக்குகள் கிடைத்தன, தோற்றார். பத்திரிகைகள் அதைக் கலகம் போல எழுதின. விதியில் உள்ள உரிமையை ஒருவர் பயன்படுத்தினார், அவ்வளவுதான். கிளைகளில் இது இன்னும் இயல்பாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். செயலாளர் பொறுப்பில் மூன்று முறைக்கு மேல் ஒருவரே தொடரக் கூடாது என்று 2012 கோழிக்கோடு மாநாட்டில் கொண்டுவந்த விதி அதற்கு வழி திறந்திருக்கிறது. எப்போதும் ஒரே பெயர் என்றிருந்த கமிட்டிகள் இப்போது புதுப் பெயர் தேட வேண்டியிருக்கிறது. தேடும்போதுதான், கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் தோட்டத் தொழிலாளிப் பெண் கண்ணில் படுவார்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஆதாரம் தேடினால் மாநாட்டு மலர்கள் கிடைக்கின்றன, தலைவர்களின் உரைகள் கிடைக்கின்றன. கிளையின் மினிட்ஸ் நோட்டு கிடைப்பதில்லை. நாற்பது பக்க நோட்டில், ஊதா மையில், வருகை தந்தவர் பெயரும் பேசியவர் சொன்னதும் எழுதப்பட்ட அந்த நோட்டுகளில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் அரசியல் வரலாறு இருக்கிறது. எந்த ஆண்டு கூலி எவ்வளவு கேட்டார்கள், எந்தத் தெருவில் குழாய் வரவில்லை, யார் எதிர்த்துக் கை தூக்கினார் என்பதெல்லாம் வேறெங்கும் பதிவாகவில்லை. செயலாளர் மாறும்போது சில நோட்டுகள் கைமாறின. பல, வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க்காரரிடம் போயின. கம்யூனிஸ்ட் கிளை, திமுக கிளைக் கழகம், அதிமுக கிளை, பழைய காங்கிரஸ் கமிட்டி என எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், இந்த விழா முடிவதற்குள் எடுத்துத் தூசி தட்டிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பெயர் வெளியே வரக் கூடாது என்றால் பெயரை மறைத்துக்கொள்ளலாம். அடுத்த கிளை மாநாட்டில் செயலாளர் வேலை அறிக்கை வாசிக்கும்போது, நாற்பது ஆண்டுக்கு முன் அதே ஊரில் வாசித்த அறிக்கையும் பக்கத்தில் இருக்கட்டும்.